கீழக்கரையிலிருந்து வந்த ஆடுநாற்காலி

தடைக்காலம்தான் எங்களுக்கு வேலைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எல்லாம் கரையேறி நிற்கும். தங்கச்சிமடத்தில் படகுக்கு ஃபைபர் வேலை பார்க்கிற எங்கள் ஷெட்டில் அந்த இரண்டு மாதமும் கிரைண்டர் சத்தம் ஓயாது. அப்படி ஒரு மே மாத மத்தியானம், கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு குட்டியானை வண்டி வந்து வாசலில் நின்றது. பின்னால் ஜமுக்காளம் சுற்றிக் கயிறு கட்டிய ஒரே ஒரு நாற்காலி.

கூடவே இறங்கியவர் கீழக்கரை பாய். அறுபதைத் தாண்டிய மனிதர், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி.

"தம்பி, நீங்க ஃபைபர் வேலை பாக்குறீகளாமே. இது ஃபைபரான்னு பாத்துச் சொல்லுங்க. ராம்நாட்டுல ரெண்டு கடையில காட்டினேன். பிளாஸ்டிக், ஒட்டாதுன்னு அனுப்பிட்டாக."

கட்டை அவிழ்த்தேன். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், கைவைத்த நாற்காலி. உட்காரும் இடம், முதுகு, இரண்டு கை எல்லாமே ஒரே வார்ப்பு. எங்கும் பொருத்து இல்லை. அதன் கீழே மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, வளைந்த இரண்டு மரச் சட்டங்களில் போய் முடிகின்றன. அந்தச் சட்டங்கள்தான் ஆடுகால். வார்ப்பை மட்டும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். உள்ளுக்குள் நூல் நூலாக, வறுத்த சேமியாவை உதறிவிட்டதுபோல, திக்குக்கு ஒன்றாகக் கிடந்தது கண்ணாடி இழை. இருபது வருசமாக நான் தினமும் ரெசின் என்கிற பிசினில் நனைத்து ரோலர் போடுகிற அதே மேட் இழை.

"ஃபைபர்தான் பாய். சந்தேகமே இல்ல."

விளிம்பைத் தடவிப் பார்த்தபோது விரலுக்கு அடியில் ஏதோ உருண்டையாக ஓடியது. கயிறு. விளிம்பு முழுக்க, இழைக்கு அடியில், ஒரு கயிற்றை வைத்து வார்த்திருக்கிறார்கள். அதைக் கண்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓரத்துக்குப் பலம் வேண்டுமென்றால் நாங்களும் உள்ளே எதையாவது கொடுத்துத்தான் ஃபைபர் அடிப்போம். மரச்சட்டம், பைப், சில நேரம் பழைய நைலான் கயிறு. இந்த நாற்காலியைச் செய்தவனுக்கும் எனக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது.

தடைக்காலம் முடிந்துதான் கை வைக்க முடியும் என்றேன். "ஆவணிக்குள்ள வேணும் தம்பி. பேத்தி பேறுகாலத்துக்கு வருது. உம்மா அந்த நாற்காலியைக் கேட்டுக்கிட்டே இருக்காக" என்றார்.

உம்மா என்றது அவருடைய தாயாரை. அவர் வாப்பாவுக்குக் கொழும்பில் கல் வியாபாரம். கீழக்கரையில் பாதிக் குடும்பத்துக்கு அந்தக் காலத்தில் கொழும்போடு அப்படி ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. 1957-ல் மூத்த மகள் பிறந்த செய்தி கேட்டு ஊருக்குப் புறப்படும்போது, நாடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் இதை விலைக்கு வாங்கினாராம். தலைமன்னாரில் கப்பலேற்றி, தனுஷ்கோடியில் இறக்கி, போட் மெயில் ரயிலில் போட்டு ராமநாதபுரம் கொண்டுவந்திருக்கிறார். அந்தத் தனுஷ்கோடித் துறையும் தண்டவாளமும் 1964 டிசம்பர் புயலோடு போயின. நாற்காலி இருக்கிறது. ஏழு பிள்ளைகளுக்கு உம்மா பால் கொடுத்தது அதில் உட்கார்ந்துதான்.

அன்றைக்கு ராத்திரி என் மகள் போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். கயிறு ஓடுகிற விளிம்பை வைத்தே பிடித்தாள். அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற புருசன் பெண்டாட்டி வரைந்தது. ஹெர்மன் மில்லர் நிறுவனம் விற்றது. 1950-ல் வெளிவந்தது. கலிபோர்னியாவில் ஜெனித் பிளாஸ்டிக்ஸ் என்ற பட்டறை வார்த்துக் கொடுத்த ஆரம்பகால நாற்காலிகளில்தான் இந்தக் கயிற்று விளிம்பு இருக்கும். முதலில் வந்தது மூன்றே நிறம். அதில் ஒன்று பழுப்புச் சாம்பல். எங்கள் ஷெட்டில் நிற்பது அதுதான்.

அவள் வாசிக்க வாசிக்க நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யுத்த காலத்தில் அந்தத் தம்பதி அமெரிக்கக் கடற்படைக்காக, கால் முறிந்தவர்களுக்குக் கட்டுகிற தாங்கியைப் பிளைவுட்டை வளைத்துச் செய்திருக்கிறார்கள். நாற்காலியையும் அப்படி ஒரே துண்டாக வளைக்கப் பார்த்தால் பிளைவுட் வெடிக்கிறது. வெடிக்கத்தான் செய்யும். பிளைவுட்டை ஒரு பக்கம் வளைக்கலாம். கிண்ணம்போல இரண்டு பக்கமும் வளை என்றால் கேட்காது. 1948-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், குறைந்த விலை மரச்சாமான்களுக்கு ஒரு போட்டி அறிவித்தது. அதற்குத் தகட்டை அழுத்தி வார்த்த நாற்காலியை அனுப்பியிருக்கிறார்கள். தகடு விலை கூடிப்போனது. தொட்டால் சில்லென்றும் இருக்கும். கடைசியில்தான் ஃபைபர். யுத்தத்தில் ரேடாருக்கு மூடி செய்யப் பழகிய பொருள் அது.

அந்த முதல் மாதிரியை ஃபைபரில் கையால் செய்துகொடுத்தவர் பெயர் ஜான் வில்ஸ். அவர் படகு கட்டுகிறவர்.

"அப்பா, படகு கட்டுறவராம்ப்பா" என்று மகள் இரண்டு தடவை சொன்னாள். நான் எழுந்து போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். உலகத்தில் எத்தனையோ மியூசியத்தில் இந்த நாற்காலி இருக்கிறதாம். அதன் முதல் பிள்ளையைப் பெற்றுப்போட்டது எங்கள் தொழில்காரன் ஒருவனுடைய கை.

எழுபத்தைந்து வருசம் கழித்தும் இதை ஏன் ஆட்கள் தேடுகிறார்கள் என்பதைப் பற்றி எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டு. அழகு என்று சொல்வார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்ப்பது வேறு. இந்த நாற்காலியில் ஒவ்வொரு பாகமும் தன் வேலையை மட்டும் பார்க்கிறது. உடம்பைத் தாங்குவது வார்ப்பு. பாரத்தைக் கீழே இறக்குவது கம்பி. ஆட்டுவது மரம். மூன்றுக்கும் நடுவில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள நாலு ரப்பர் வட்டு. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். நல்ல படகும் அப்படித்தான். இன்ஜின் போனால் இன்ஜினை மாற்றுவோம், படகை எரிக்க மாட்டோம்.

ராமேஸ்வரத்தில் ஒரு விடுதியில் இதே மாதிரி ஒரு நகலைப் பார்த்திருக்கிறேன். மெல்லிசு பிளாஸ்டிக். ஆடுகாலின் வளைவு பேருக்குத்தான் இருந்தது. உட்கார்ந்து ஆடினால் முன்னும் பின்னும் தட்டித் தட்டி நிற்கிறது. பார்வைக்கு அதேதான், ஆனால் அந்த ஆட்டம் இல்லை.

ஆட்டம் என்பது விளையாட்டு இல்லை. எங்கள் அப்பா ஓடாவி, படகு கட்டுகிற தச்சர். பாக் ஜலசந்திப் பக்கம் எத்தனையோ வத்தை கட்டியவர், வயசு எண்பத்திரண்டு. அவர் எனக்குச் சின்ன வயசில் சொல்லிக்கொடுத்தது: அடி தட்டையாக அகன்ற படகு சாய்ந்தால் வெடுக்கென்று நிமிரும், ஆளைத் தூக்கி எறியும். அடி உருண்ட படகு மெதுவாகச் சாயும், மெதுவாக நிமிரும், ஆனால் அளவு தப்பினால் கவிழ்த்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவைத் தேடுவதுதான் ஓடாவி வேலை. ஆடுநாற்காலியிலும் அதே கணக்குத்தான். ஆடுகால் ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. அந்த வட்டத்தின் மையம், உட்கார்ந்திருப்பவரின் பாரம் இருக்கிற இடத்துக்கு மேலே இருக்க வேண்டும். அப்போது நீங்கள் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் உங்கள் பாரம் கொஞ்சம் உயரும். உயர்ந்த பாரம் தானாகக் கீழே வரப்பார்க்கும். அதுதான் உங்களைத் திருப்பிக் கொண்டுவருகிறது. மையம் ரொம்ப உயரத்தில் இருந்தால் அந்த நகல் நாற்காலி மாதிரி வெடுக்கென்று இழுக்கும். ரொம்பத் தாழ்ந்தால் மண்டை அடிபடும்.

இனி வேலைக்கு வருகிறேன். நாலு ரப்பர் வட்டில் இரண்டு விட்டுப்போயிருந்தன. அறுபது எழுபது வருசத்தில் ரப்பர் கல்லாகிவிடும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு வருத்தமாக இருந்தது மூன்றாவது இடத்தைப் பார்த்துத்தான். யாரோ ஒருவர், எப்போதோ, உட்காரும் இடத்திலேயே துளை போட்டு போல்ட்டை முடுக்கி இறுக்கியிருக்கிறார். துளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வெடிப்பு. ரப்பர் இருந்தவரை அதிர்ச்சியை அது குடித்தது. இரும்பு நேராக இழையைப் பிடித்ததும், ஒவ்வொரு ஆட்டமும் அந்தத் துளையிலேயே போய் இடித்திருக்கிறது.

வெடிப்பைக் கீழ்ப்பக்கமிருந்து சரிவாக அரைத்து எடுத்தேன். படகென்றால் கைக்கு வேகம் வரும். இதில் உள்ளங்கையளவு இடத்துக்கு ஒரு முழுச் சாயங்காலம் போனது. அசிட்டோன் போட்டுத் துடைத்து, மெல்லிசான மேட் இழையை ஒன்றைவிட ஒன்று பெரிதாக நாலு வட்டம் வெட்டி, சின்னதிலிருந்து ஆரம்பித்து அடுக்கினேன். நாங்கள் வழக்கமாகப் போடுகிற பாலியெஸ்டர் ரெசினை எடுக்கவில்லை. புதுசும் புதுசும் என்றால் அது நன்றாகக் கலக்கும். பழைய இழைமேல் போட்டால் பொருக்குப்போல உட்கார்ந்திருந்துவிட்டு ஒருநாள் உரிந்து வரும். எபாக்சி ரெசின்தான் பழசைக் கடித்துப் பிடிக்கும். விலை கூடத்தான், என்ன செய்வது. ஒரு இடத்தில் குமிழி நின்றுவிட்டது. ரோலர் நுழையாத வளைவு. ஐஸ் குச்சியால் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வெளியேற்றினேன்.

ரப்பருக்கு அலைந்தேன். கடைசியில் பாம்பனில் ஒரு இன்ஜின் சாமான் கடையில், சின்ன ஜெனரேட்டருக்கு அடியில் போடுகிற மவுண்ட் ரப்பர் கிடைத்தது. ஒரு பக்கம் மரை, ஒரு பக்கம் தகடு. அதுவும் அதிர்ச்சி வாங்கத்தான் பிறந்தது. உயரத்தைச் சீவிக் குறைத்து, நாலையும் ஒரே நாளில் ஒட்டி, நாற்காலியைக் கவிழ்த்து, மேலே மணல் மூட்டை வைத்து இரண்டு நாள் தொடாமல் விட்டேன். கம்பியில் உப்புக்காற்று தின்ற இடங்களைத் தேய்த்து, ஒரு வெல்டிங் வைத்து, ஜிங்க் பெயின்ட் அடித்தாயிற்று.

ஆடுகால் என்னால் ஆகவில்லை. ஒன்றில் கரையான் ஏறி உள்ளே மாவாகிவிட்டிருந்தது. பர்ச் என்கிற மரம், இங்கே கிடைக்காது. தேக்குப் பலகையில் வளைவாக அறுத்துவிடலாம் என்று நினைத்துப் பலகையை எடுத்துவைத்திருந்தேன். அப்பா வழக்கம்போல் சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்தார்.

"நேர் மரத்துல வளைவு அறுத்தா ரேகை நடுவுல வெட்டுப்படும்டா. ஆடுற ஆட்டத்துக்கு அந்த எடத்துல பொளந்துக்கிரும். வங்குக்கு நான் எப்பயாச்சும் நேர் மரம் போட்டுப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. வங்கு என்றால் படகுக்கு விலா எலும்புபோல உள்ளே வளைந்து நிற்கிற சட்டம். வத்தைக்கு வங்கு வைப்பதற்கு அப்பா மரத்தைப் பார்க்கப் போவார், பலகையைப் பார்க்கப் போகமாட்டார். எந்தக் கிளை எப்படி வளைந்திருக்கிறதோ அதற்கு ஏற்ற இடம் படகில் எது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். மூன்றாம் நாள், உச்சிப்புளிப் பக்கம் ஒரு தோப்பில் விழுந்து கிடந்த பூவரசிலிருந்து வளைந்த கொம்பு ஒன்றை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். நல்ல வைரம் பாய்ந்த கொம்பு. ஒரே கொம்பை நடுவில் இரண்டாகப் பிளந்தார். அப்போதுதான் இரண்டு காலுக்கும் ஒரே ரேகை வரும். நல்லா இருந்த பழைய காலைப் பிளைவுட்மேல் வைத்து பென்சிலால் அச்சு எடுத்தார். கை நடுங்கும் அவருக்கு. டம்ளர் பிடித்தால் காபி தளும்பும். உளியைப் பிடித்தபோது நடுங்கவில்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை, அவர் கவனித்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை.

மாட்டி முடித்ததும் நான் உட்காரப் போனேன். "இரு" என்றார். சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஆடுகால் ஓரம் ஒரு கோடு இழுத்தார். மணல் மூட்டையை நாற்காலியில் வைத்து, விரலால் தள்ளி ஆடவிட்டார். ஐம்பது ஆட்டம் எண்ணினார். கோட்டிலிருந்து அரை விரல்கடை நண்டுபோல ஒதுங்கியிருந்தது. இடது காலில் நூலளவு மேடு. தரையோடு தரையாகப் படுத்து, ஒரு கண்ணை மூடி, படகின் அடிமரமான ஏராவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு இரண்டு இழைப்பு இழைத்தார். திரும்ப ஐம்பது. திரும்ப இழைப்பு. நாலாவது தடவை நாற்காலி கோட்டை விட்டு நகரவில்லை.

இருட்டிவிட்டது. அப்பா அதில் உட்கார்ந்தார். அவருக்கு முதுகு நேராக நில்லாது, வீட்டில் எந்த நாற்காலியிலும் பத்து நிமிசம் சேர்ந்து இருக்கமாட்டார். அதில் அரைமணி நேரம் இருந்தார். நாற்காலியின் முதுகு கொஞ்சம் மல்லாந்தே இருக்கிறது, அதோடு ஆடும்போது பாரம் ஒரே எலும்பில் நிற்காமல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் என்று நினைக்கிறேன்.

"பாம்பன் டேசன்ல நின்னு போட் மெயில் பாப்போம், சின்னப் பயலுகளா இருக்கப்ப," என்றார். "இதுவும் அப்பிடித்தான் போயிருக்கும், ஜமுக்காளத்துக்குள்ள."

நாற்காலியின் வலது கையில், உள்ளங்கை படுகிற இடத்தில், செம்பழுப்பாக ஒரு கறை இருந்தது. இதைச் சொல்லாமல் விட முடியாது. மேல் ரெசின் தேய்ந்தால் இழை வெளியே தெரிய ஆரம்பிக்கும், கை வைத்தால் அரிக்கும், அழுக்கைக் குடிக்கும். அதனால் முழு வார்ப்பையும் நீர்க்காகிதம் போட்டுத் தேய்த்து, மெல்லிசாக ஒரு தெளிவான கோட்டிங் கொடுக்கத் திட்டம். கறையில் கை வைக்கும் முன் ஏதோ தோன்றி பாய்க்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு பெண்குரல், நிதானமாக.

"அது மருதாணிப்பா. பெரிய மக கலியாணத்துக்கு முந்துன ராத்திரி அதுல ஒக்காந்துக்கிட்டே தூங்கிப்புட்டா. கை பட்ட எடம். அதைத் தொடாதீகப்பா."

நான் தொடவில்லை. அந்த இடத்தைத் தண்ணீர் மட்டும் தொட்டுத் துடைத்து, மேலே கோட்டிங் கொடுத்தேன். கண்ணாடிக்கு உள்ளே இருப்பதுபோல இப்போது அந்தக் கறை இருக்கிறது. நாலு விரலும் ஓரளவுக்குப் பிரித்துத் தெரிகிறது. இனி எத்தனை பேர் கை வைத்தாலும் தேயாது.

ஆவணி பிறக்குமுன் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழக்கரைத் தெருக்கள் குறுகல், குட்டியானை உள்ளே போகவில்லை. நானும் பாயும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தோம். உம்மா முற்றத்து ஓரத்தில் நின்றிருந்தார்கள். முதலில் கறையைத்தான் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஒரே ஒரு முறை தள்ளிவிட்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். பேசுவார்கள் என்று நின்றேன். பேசவில்லை. நாற்காலி தானாக அடங்கி நிற்கிற வரைக்கும் அப்படியே இருந்தார்கள். உள்ளேயிருந்து நிறைமாத வயிற்றோடு பேத்தி வந்ததும் எழுந்து, "நீ இரும்மா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மகள் போனில் வாசித்ததில் இன்னொன்று இருந்தது. கடைகளில் இந்த ஆடுகிற வகையை விற்பதை நிறுத்திய பிறகும், 1984 வரைக்கும், பிள்ளை பெறப்போகும் தங்கள் ஊழியர்களுக்கு ஹெர்மன் மில்லர் நிறுவனம் இதைப் பரிசாகக் கொடுத்துவந்ததாம். அதைப் பாயிடம் சொன்னேன். "எங்க வாப்பாவுக்கு அது தெரியாது. அவுகளா நெனச்சு வாங்குனதுதான்" என்றார்.

அச்சு எடுத்தாயிற்று, மோல்டு போட்டு நாலு செய்து விற்கலாமே என்று ஷெட்டில் பையன்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த வார்ப்பு அவர்கள் வருசக்கணக்காகப் பாடுபட்டுக் கண்டது. அதே ஈம்ஸ் தம்பதி 1958-ல் நம் அரசாங்கம் அழைத்து இந்தியா முழுக்கச் சுற்றியவர்கள். அப்போது நம் வீட்டுச் சொம்பைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார்கள். யார் ஒருத்தரும் உட்கார்ந்து வரையாமல், தலைமுறை தலைமுறையாகக் கை பட்டுப் பட்டு வந்த உருவம் என்று. அவர்கள் சொம்பை அப்படியே வார்த்து நாற்காலி என்று விற்கவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எங்கள் கடலுக்கு, எங்கள் முதுகுக்கு என்று ஒன்றைச் செய்துபார்க்க வேண்டும். வத்தையின் முன்பக்கம், அணியத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுக்கு ஒரு இடம் கிடைக்குமே, அந்த வளைவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

போன வாரம் ஷெட்டைக் கூட்டும்போது அந்தப் பிளைவுட் அச்சு கையில் கிடைத்தது. குப்பையோடு போட்டுவிட்டேன். அப்பா அதை எடுத்துத் தூசி தட்டி, வங்கு அச்சுகள் மாட்டியிருக்கிற சுவரில், ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். பென்சிலால் 'கீழக்கரை நாற்காலி' என்று எழுதி, அதற்குக் கீழே தேதியும் போட்டிருக்கிறார். நேற்று கேட்கிறார், "அந்தத் தோப்புல இன்னொரு கொம்பு கெடந்துச்சு. கெடக்கான்னு போய்ப் பாப்பமா?"